கண்ணில் ‘பவர்’ என்றால் என்ன? கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதலிலிருந்து

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். போன வருஷம் இரண்டாம் ஆண்டு வகுப்பில், மூன்றாவது பெஞ்சில் ஒரு மாணவி. நான் போர்டில் எழுதி முடித்ததும் செல்போனில் படம் பிடித்து, அதை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கித்தான் நோட்டில் எழுதுவாள். எழுதச் சோம்பல் என்று தவறாக நினைத்துவிட்டேன். ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டபோது, “இங்கேருந்து பார்த்தா எல்லாருக்குமே கலங்கலாத்தானே சார் தெரியும்?” என்று திருப்பிக் கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் தேவகோட்டை வண்டி எது, திருப்பத்தூர் வண்டி எது என்று போர்டைப் படித்து ஏறும் பழக்கமே அவளுக்கு இல்லை. வண்டியின் நிறம், அது நிற்கும் இடம், பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு கேள்வி, இவற்றை வைத்தே இரண்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறாள். பரிசோதனை செய்தபோது இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டரை.

பல் வலித்தால் தூக்கம் வராது, உடனே போய்விடுவோம். பார்வை மங்குவது வலிக்காது. கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதால், மங்கிய உலகம்தான் இயல்பான உலகம் என்று மனசு எடுத்துக்கொள்ளும். ஒப்பிட்டுப் பார்க்க வேறொருவர் கண் நமக்குக் கிடையாதே. அதனால்தான் கல்லூரிக்கு வந்த பிறகும் இத்தனை பேர் தெரியாமலே இருக்கிறார்கள். கண்ணாடி போட்டவர்களிடம் கேட்டாலும் ‘பவர் கூடிருச்சு’ என்பார்களே தவிர, எது கூடியது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்காகத்தான். அது புரிந்துவிட்டால் கண்ணைப் பற்றி ஊரில் சொல்கிற பாதி விஷயத்தில் எது சரி, எது தப்பு என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முகப்பிலிருந்து பின்சுவர் வரை

கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ ஒரு பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்புக் கதவைத் திறந்து வைத்தால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் பார்வை போகும். கண்ணையும் அப்படி நேர்க்கோட்டில் கட்டிய வீடு என்று வைத்துக்கொள்ளலாம். முகப்பில் இருப்பது கண்ணாடி போலத் தெளிந்த ஒரு படலம், கண்தானம் பற்றிப் பேசும்போது கருவிழி என்கிறோமே, அது. அதற்குப் பின்னால் பாப்பா, அதாவது ஒளி நுழைகிற ஓட்டை. வெயிலில் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும், இருட்டில் 7, 8 மில்லிமீட்டர் வரைகூட விரியும். அதற்குப் பின்னால் லென்ஸ். கடைசியில், பின்சுவரில் ஒட்டிய தாள் மாதிரி விழித்திரை. முகப்பிலிருந்து பின்சுவர் வரை வளர்ந்தவர்களின் கண்ணில் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர்தான்.

ஒளியை வளைத்துக் குவிக்கும் திறனை டயாப்டர் என்ற அளவில் சொல்கிறோம். ஒரு லென்ஸ் தொலைவிலிருந்து வரும் ஒளியை 1 மீட்டரில் குவித்தால் அதன் பவர் 1 டயாப்டர், அரை மீட்டரில் குவித்தால் 2, கால் மீட்டரில் குவித்தால் 4. அவ்வளவுதான் கணக்கு. நம் கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர். இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை முகப்பில் இருக்கும் கருவிழியே செய்துவிடுகிறது. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை, எல்லா வேலையையும் உள்ளே இருக்கும் லென்ஸ் செய்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். பிம்பம் விழுகிற இடம் விழித்திரை என்று 1604-ல் யோகான்னஸ் கெப்ளர் விளக்கினார், கிட்டப்பார்வைக்குக் குழிலென்ஸ் ஏன் உதவுகிறது என்பதையும் அவர்தான் தெளிவாகச் சொன்னார். கண்ணாடி அதற்கு 300 வருஷத்துக்கு முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமலே அத்தனை காலம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சரி, பவர் ஏறுவது எப்படி? மைனஸ் பவர் என்பது, பார்வையைச் சரிசெய்ய அந்தக் குழிலென்ஸ் எத்தனை டயாப்டர் தேவை என்ற கணக்குதான். பெரும்பாலான மைனஸ் பவருக்குக் காரணம் வீடு நீண்டுவிட்டது என்பதுதான். முகப்பும் லென்ஸும் அதே மாதிரி ஒளியைக் குவிக்கின்றன, ஆனால் பின்சுவர் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பிம்பம் சுவருக்கு முன்னாலேயே குவிந்துவிடும், சுவரைத் தொடுகிற நேரத்தில் மறுபடி விரிந்து கலங்கிப்போயிருக்கும். ஒரே ஒரு மில்லிமீட்டர் நீண்டால் இரண்டரையிலிருந்து மூன்று டயாப்டர் வரை மைனஸ் பவர் வந்துவிடும். என் மாணவியின் கண் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடியதாக இருந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டு வருஷம் போர்டும் பஸ்ஸும் மறைந்துபோனது ஒரு மில்லிமீட்டரால்.

இதற்குப் பெயர் கிட்டப்பார்வை. கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது தெரியாது. பெயரைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ‘எனக்குத் தூரப்பார்வை, தூரத்துல தெரியாது’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். எது நன்றாகத் தெரிகிறதோ அதை வைத்துத்தான் பெயர்.

ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்

இதை வாசித்துவிட்டுப் போகாமல் இப்போதே செய்து பார்க்கச் சொல்கிறேன். கண்ணாடி போடுபவராக இருந்தால் கழற்றிவிடுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், அழுத்த வேண்டாம். ஒரு புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, மெதுவாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போங்கள். முதலில் மங்கலாக இருக்கும், பிறகு தெளியும், கிட்டப்பார்வை இருந்தால் ஓர் இடத்தில் மறுபடி கலங்க ஆரம்பிக்கும். அந்த இடத்திலிருந்து கண் வரை எவ்வளவு என்று யாரையாவது ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 50 சென்டிமீட்டர் என்றால் 100-ஐ 50-ஆல் வகுத்து மைனஸ் 2. 40 என்றால் மைனஸ் இரண்டரை. 25 என்றால் மைனஸ் 4. சிலிண்டர் பவர் (அது என்ன என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்) இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும், இதை வைத்துக் கண்ணாடி வாங்கவும் முடியாது. ஆனால் கண்ணாடிக்கு அளவு எழுதித் தரும் சீட்டில் இருக்கும் அந்த எண் வானத்திலிருந்து வந்ததில்லை, உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிற கடைசி தூரத்தைத்தான் அது சொல்கிறது என்று உடம்பால் புரியும். என் வகுப்பில் இதைச் செய்யவைத்த அன்று ஐந்து பேர் கண் பரிசோதனைக்குப் போனார்கள்.

அப்புறம், ஒரு தாளில் ஊசியால் சின்ன ஓட்டை போட்டு அதன் வழியாகத் தூரத்து எழுத்தைப் பாருங்கள். கலங்கலாக இருந்த எழுத்து தெளிவானால், பெரும்பாலும் கண்ணாடியால் சரியாகிற பிரச்சினைதான். ஓட்டை சின்னதாக இருக்கும்போது ஒளிக்கதிர் குறுகலாக நுழைகிறது, பின்சுவர் எங்கே இருந்தாலும் பெரிதாக விரிவதில்லை. தெளியவே இல்லை என்றால் வேறு ஏதோ இருக்கலாம், கண்ணாடிக் கடைக்குப் போகாமல் நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். போர்டைப் பார்க்கக் கண்ணை இடுக்குகிறோமே, அதுவும் இதே ஓட்டை வித்தைதான், இமையால் செய்கிறோம். பகலில் நன்றாகத் தெரிகிறது, சாயங்காலமானால் பைக் ஓட்டக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்பவர்களுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. நம் ஊர் உச்சிவெயிலில் பாப்பா ஊசித்துளையாகச் சுருங்கி, இருக்கிற குறையை மறைத்துவிடும். இருட்டத் தொடங்கியதும் அது விரியும், மறைந்திருந்த அரை, முக்கால் பவர் வெளியே வந்துவிடும்.

சீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓடி என்றால் வலது கண், ஓஎஸ் என்றால் இடது கண். எஸ்பிஎச் என்ற கட்டத்தில் இருப்பதுதான் இதுவரை பேசிய பவர். சிஒய்எல் என்பது சிலிண்டர். கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளைந்திருக்க வேண்டும், பந்தின் ஒரு துண்டு மாதிரி. அது ஒரு பக்கம் கூடுதலாக வளைந்து, கரண்டியின் முதுகு மாதிரி ஆகிவிட்டால் ஒளி ஒரே புள்ளியில் குவியாது. எழுத்துக்கு நிழல் விழும், எதிரே வரும் லாரி விளக்கு கோடுகோடாக இழுபடும். எந்தத் திசையில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் ஆக்சிஸ், 180 வரை ஒரு கோணம். 6/6 என்பது பவர் இல்லை. இயல்பான பார்வை உள்ளவர் 6 மீட்டரில் படிக்கிற எழுத்தை நீங்களும் 6 மீட்டரில் படிக்கிறீர்கள் என்று பொருள். 6/18 என்றால் அவர் 18 மீட்டரிலிருந்தே படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிகிறது.

‘கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும்’

இதைச் சொல்லாத அப்பத்தா இந்தப் பக்கத்தில் கிடையாது. அன்பினால் சொல்கிறார்கள், பெண்பிள்ளையாக இருந்தால் கல்யாணக் கவலையும் சேர்ந்துகொள்ளும். அதனால் அளவு எடுத்து வாங்கிய கண்ணாடி பெட்டிக்குள்ளேயே இருக்கும், பரீட்சைக்கு மட்டும் வெளியே வரும். இப்போது யோசித்துப் பாருங்கள். பவர் என்பது கண்ணின் நீளம். மூக்கின் மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைப்பதால் கண் நீளுமா? மலேசியாவில் குழந்தைகளிடம் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், சிலருக்கு முழுப் பவரும் சிலருக்கு வேண்டுமென்றே குறைத்த பவரும் கொடுத்துப் பார்த்தார்கள். குறைத்துக் கொடுத்தால் பவர் ஏறுவது நிற்கும் என்பது எதிர்பார்ப்பு. நிற்கவில்லை, கொஞ்சம் வேகமாகவே ஏறியது. கண்ணாடி போட்ட பிறகு பவர் ஏறியதைப் பார்த்தவர்கள் சொல்வது பொய் இல்லை. வளர்கிற வயசில் கண் நீள்கிறது, போட்டாலும் போடாவிட்டாலும் நீண்டிருக்கும். கழற்றியதும் முன்பைவிட மங்கலாகத் தெரிகிறது என்பதும் உண்மைதான், தெளிவு எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்துவிட்டதே.

பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா என்றும் கேட்கிறார்கள். கீரையும் கேரட்டும் நல்ல சாப்பாடு, வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பதால் கட்டாயம் சாப்பிட வேண்டியவை. ஆனால் நீண்ட சுவரைச் சாப்பாடு உள்ளே இழுக்காது.

அப்படியானால் கண் ஏன் நீள்கிறது? அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல், இது ஒன்று. சின்ன வயசில் வெட்டவெளி வெளிச்சம் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே, கிட்டத்திலேயே பார்த்து வளர்வது இன்னொன்று. சீனாவின் குவாங்சோ நகரில் பள்ளிக் குழந்தைகளைத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பிள்ளைகளில் சுமார் 30 விழுக்காடு, மற்றவர்களில் சுமார் 40 விழுக்காடு. 2015-ல் வெளிவந்த ஆய்வு இது. பகல் வெளிச்சமே மருந்து மாதிரி வேலை செய்கிறது. இது கல்லூரிப் பிள்ளைகளைவிட அவர்கள் வீட்டுத் தம்பி தங்கைகளுக்குத்தான் அதிகம் பயன்படும். இவ்வளவு வெயில் கொட்டுகிற ஊரில் இருந்துகொண்டு பிள்ளைகளை டியூஷனுக்கும் செல்போனுக்கும் நடுவில் பூட்டி வைக்கிறோமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். இருபது வயசில் கண் நீள்வது பெரும்பாலும் மெதுவாகிவிடும், ஆனால் முழுசாக நிற்கும் என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது. பள்ளியில் கண்ணாடியே போடாதவர்களுக்கு முதுகலை படிக்கும்போது முதல் பவர் வருவதும் உண்டு.

கிட்டத்திலேயே பார்த்தால் கண்ணுக்குள் என்ன நடக்கிறது

தூரத்தைப் பார்க்கும்போது லென்ஸ் தட்டையாக, அதைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து இருக்கும். கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் தசை இறுகி, லென்ஸ் உருண்டையாகி, கூடுதல் பவரை உண்டாக்கும். மேலே சொன்ன அதே கணக்குதான்: 40 சென்டிமீட்டரில் புத்தகம் என்றால் இரண்டரை டயாப்டர், 25-ல் செல்போன் என்றால் 4, படுத்துக்கொண்டு 20-ல் பிடித்தால் 5. இதை மணிக்கணக்கில் தூக்கிக்கொண்டு நிற்பது தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்காமல் நிற்பது மாதிரி. செமஸ்டர் நேரத்தில் மூன்று மணி நேரம் படித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் மரம் கொஞ்ச நேரம் கலங்கித் தெரிகிறதே, தசை இறுகியபடியே இருக்கிறது, விடவில்லை. சிலருக்கு இது நாள்கணக்கில் அப்படியே பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் கண்ணாடிக் கடையில் அவசரமாக அளவு எடுத்தால் இல்லாத மைனஸ் பவர் சீட்டில் ஏறிவிடும். அதனால்தான் முதல் முறை அளவு எடுக்கும்போதும், பவர் திடீரென்று கூடியதாகச் சொல்லும்போதும், தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பது நல்லது என்கிறேன்.

20 நிமிஷத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் 20 நொடி பார்க்கச் சொல்வதும் குடத்தை இறக்கி வைக்கத்தான். 20 அடி என்றால் 6 மீட்டர், அங்கே தசைக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. அறைக்குள்ளேயே எதிர்ச்சுவரைப் பார்த்தால் போதாது, வராந்தாவுக்கு வாருங்கள், தெருக்கோடியைப் பாருங்கள்.

இதில் பலர் தவறவிடுகிற ஒரு கூட்டம் உண்டு. கண் கொஞ்சம் குட்டையாக இருப்பவர்கள், ப்ளஸ் பவர்க்காரர்கள். இவர்களுக்குப் பின்சுவர் முன்னால் இருக்கிறது. இருபது வயசில் தசைக்கு நல்ல பலம் இருப்பதால், லென்ஸை எப்போதும் கொஞ்சம் இறுக்கியே வைத்து எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்துவிடுவார்கள். போர்டு தெரியும், பஸ் தெரியும், 6/6 வரும். சாயங்காலம் நெற்றியில் வலி மட்டும் வரும். ‘எனக்குத்தான் நல்லாத் தெரியுதே’ என்று கண்ணைச் சந்தேகிக்காமல் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டே ஒரு வருஷம் போகும். படிக்கும்போது மட்டும் தலைவலி வருகிறவர்கள் தெளிவாகத் தெரிந்தாலும் ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள்.

எரிச்சலும் நீர் வடிதலும்

பவருக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் ஹாஸ்டலில் அதிகம் கேட்கிற புகார் இது. மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, சிவக்கிறது, தண்ணீர் கொட்டுகிறது. தண்ணீர் கொட்டுவதால் கண் காய்ந்திருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கண்ணின் மேல் எப்போதும் மெல்லிய ஈரப்படலம் இருக்கும்: கண்ணோடு ஒட்டிக்கொள்ள வழவழப்பான அடிப்பூச்சு, நடுவில் தண்ணீர், மேலே எண்ணெய். அந்த எண்ணெய் இமை ஓரத்தில் உள்ள நுண்ணிய சுரப்பிகளிலிருந்து வருகிறது, தண்ணீர் ஆவியாகாமல் மூடி வைக்கிறது. கண் சிமிட்டும்போதுதான் இந்தப் பூச்சு புதுப்பிக்கப்படும். பேசிக்கொண்டிருக்கும்போது நிமிஷத்துக்கு 15 முறையாவது சிமிட்டுகிறோம், திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும், சிமிட்டினாலும் அரைகுறையாகத்தான். படலம் காய்ந்து கிழிந்ததும் கண் அவசரத்துக்கு வெறும் தண்ணீரை வாரி விடுகிறது. அதில் எண்ணெய் சரியாகச் சேராததால் நிற்காமல் வழிந்துவிடும்.

நம் ஊர்க் காற்று பெரும்பாலான மாதம் காய்ந்த காற்று. அதோடு தலைக்கு நேர் மேலே ஐந்தில் சுற்றுகிற ஃபேன், இல்லையென்றால் கம்ப்யூட்டர் லேபில் ஏசி. கட்டிலை ஃபேனுக்கு நேர் கீழே போடாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே வையுங்கள், பார்வை தாழ்ந்தால் இமை பாதி மூடியிருக்கும், காய்கிற பரப்பு குறையும். முழுசாக மூடித் திறந்து சிமிட்டிப் பழகுங்கள். வெதுவெதுப்பான துணியை மூடிய இமை மேல் ஐந்து நிமிஷம் வைத்தால் அடைத்த எண்ணெய்ச் சுரப்பி இளகும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், ரோஸ்வாட்டர் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள், கிருமி போகும் வழி அது.

இதைவிட எனக்குப் பயமான ஒன்று இருக்கிறது. என் அண்ணன் மகன் கண் அரிப்புக்கு ஒரு மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினான். விட்டதும் சிவப்பு போய்விட்டது, அதனால் தீரத் தீர அதையே வாங்கி எட்டு மாதம் விட்டிருக்கிறான். அது ஸ்டீராய்டு கலந்தது. மருத்துவர் பார்த்தபோது கண்ணின் உள்ளழுத்தம் ஏறியிருந்தது. ஸ்டீராய்டு சொட்டை மாதக்கணக்கில் விட்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு அரிக்கப்படும், இளம் வயசிலேயே புரையும் வரலாம். அப்படிப் போன நரம்பு திரும்பி வராது. அவனுக்கு நல்லவேளையாக மருந்தை நிறுத்தியதும் அழுத்தம் இறங்கியது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு என்றாலும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டு, அந்த நாளோடு நிறுத்துங்கள்.

அரிக்கிற கண்ணைக் கசக்குவதும் சின்ன விஷயம் இல்லை. அழுத்தி அழுத்திக் கசக்குகிறவர்களுக்குக் கருவிழி மெலிந்து, கூம்பு மாதிரி முன்னே பிதுங்கும் நோய் வரும் ஆபத்து கூடுதல். கெரட்டோகோனஸ் என்பார்கள். சரியாகப் பதின்ம வயசிலும் இருபதுகளிலும்தான் இது தலைகாட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சிலிண்டர் பவர் மாறுகிறது, புதுக் கண்ணாடி போட்டும் தெளிவில்லை என்றால் கருவிழியின் வளைவைப் படமெடுக்கும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் சி3ஆர் என்ற சிகிச்சையால் பெரும்பாலானவர்களுக்கு அது மேலே போகாமல் நிறுத்திவிடலாம்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிற பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று: தண்ணீர் அதன் பக்கத்திலேயே வரக்கூடாது. குழாய்த் தண்ணீரில் கழுவுவது, போட்டுக்கொண்டே ஊருணியில் குளிப்பது, போட்டபடி தூங்குவது, மூன்றும் கூடாது. அக்கந்தமீபா என்ற நுண்ணுயிர் தண்ணீரில் சாதாரணமாக இருக்கிறது, லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் அது சிக்கிக்கொண்டால் மாதக்கணக்கில் சிகிச்சை, கடும் வலி, சிலருக்குப் பார்வையே போய்விடும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று வாரம் ஒருவர் கேட்கிறார். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட தொகுப்பு, கண் களைப்பைக் குறைப்பதில் சாதாரணக் கண்ணாடிக்கும் அதற்கும் குறுகிய காலத்தில் வித்தியாசம் இருக்க வாய்ப்பில்லை என்றே சொல்கிறது. அந்தப் பணத்தில் சரியான அளவு எடுத்து, கீறல் விழாத நல்ல லென்ஸ் போடுங்கள்.

காத்திருக்கக் கூடாத நாள்

கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி ஒன்றிரண்டு புள்ளி பல வருஷமாக மிதந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் திடீரென்று ஒரே நாளில் பூச்சிகள் கூட்டமாக வந்தால், இருட்டில் ஓரத்தில் மின்னல் வெட்டினால், திரைச்சீலை இழுத்துவிட்ட மாதிரி ஒரு பக்கம் மறைந்தால், அன்றைக்கே கிளம்புங்கள். விழித்திரை கிழிவதன் அறிகுறியாக அது இருக்கலாம். கிழிசலோடு இருக்கும்போதே போனால் பெரும்பாலும் லேசரால் முடிந்துவிடும், கழன்ற பிறகு போனால் அறுவைச் சிகிச்சை, பார்வை முழுசாகத் திரும்பாமலும் போகலாம். மைனஸ் 6-க்கு மேல் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் நீண்ட கண்ணில் விழித்திரையும் இழுபட்டு மெலிந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றுவதற்காக லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். லேசிக் முகப்பைத்தான் செதுக்குகிறது, வீட்டின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடி போன பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும்.

இங்கே அரசு வேலைத் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைகள் அதிகம் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ரயில் ஓட்டும் பணிக்குக் கண்ணாடி இல்லாமலே 6/6 இருக்க வேண்டும், லேசிக் செய்தவர்களை எடுப்பதில்லை, நிறம் பிரித்தறியும் சோதனையும் உண்டு. நிறக்குறை ஆண்களுக்குத்தான் அதிகம், பிறவியிலேயே வருவது. பச்சையும் சிவப்பும் தனக்கு வேறு மாதிரி தெரிகிறது என்பது எழுத்துத் தேர்வில் வென்று மருத்துவச் சோதனைக்குப் போய் நிற்கும் வரை தெரியாமலே இருந்த பையன்களை எனக்குத் தெரியும். இரண்டு வருஷ உழைப்பு, வீட்டில் வாங்கிய கடன் எல்லாம் போன பிறகு தெரிகிறது. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தைக் காட்டி ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்.

எங்கே போவது? பவர் மட்டும் பார்க்கக் கண்ணாடிக் கடை போதும் என்று தோன்றும், ஆனால் உள்ளழுத்தத்தையும் விழித்திரையையும் மருத்துவமனையில்தான் பார்ப்பார்கள். மதுரை இரண்டு மணி நேர பஸ் தூரம்தான். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் அங்கேதான் இருக்கிறது, அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டால் சில மணி நேரத்துக்கு எழுத்து மங்கும், வெயில் கூசும். அதனால் பைக்கில் போகாதீர்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள், மறுநாள் பரீட்சை இருக்கிற நாளில் போகாதீர்கள். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் செல்போனிலாவது படமெடுத்து வையுங்கள். ஒரு வருஷத்தில் எவ்வளவு மாறியது என்பதுதான் மருத்துவர் முதலில் கேட்கிற கேள்வி.

அந்த மூன்றாவது பெஞ்ச் மாணவி இப்போது மூன்றாம் ஆண்டு. கண்ணாடி வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு வண்டியின் போர்டாக வாய்விட்டுப் படித்தேன் என்று சொன்னாள், புளியமரத்தில் இலை தனித்தனியாகத் தெரிகிறது சார் என்றாள். போன வாரம் ஏழாவது படிக்கிற தம்பியைத் தெருமுனையில் நிறுத்தி, எதிர்க் கடைப் பலகையைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அவன் கண்ணை இடுக்கியிருக்கிறான். சனிக்கிழமை இரண்டு பேரும் மதுரைக்குப் போகிறார்கள்.